மகளின் கல்லூரிக் கால்பந்துக் கனவு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். டாலஸில் வசிக்கிறோம். மகள் 11ஆம் வகுப்பு, தடுப்பாட்டக்காரி. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல் இரு நிலைகளான டிவிஷன் 1, 2 கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் 10ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல்தான் மாணவர்களைத் தொடர்புகொள்ளலாம் என்பது விதி. அந்த நாள் கடந்து 4 மாதமாகிவிட்டது. 22 பயிற்சியாளர்களுக்கு எழுதினாள். வந்தவையெல்லாம் கல்லூரிகளின் பயிற்சி முகாமுக்குப் பணம் கட்டச் சொல்லும் பொதுக் கடிதங்கள். பயிற்சி முடிந்து வந்து, காலுறையைக்கூடக் கழற்றாமல் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்க்கிறாள். மனம் பொறுக்கவில்லை.

டிவிஷன் 3இல் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. ஆனால் படிப்புக்கு உண்டு. அதற்கும் தயார்தான். பிள்ளைகளை இந்த வழியில் அனுப்பியவர்கள் சொல்லுங்கள்: பயிற்சியாளர்களுக்கு அனுப்பும் ஆட்டக் காணொளியின் முதல் அரை நிமிடத்தில் எதைக் காட்ட வேண்டும்? முகாமுக்குப் போவதில் பலன் உண்டா? கிளப் பயிற்சியாளரை இவளுக்காகப் பேசச் சொல்லிக் கேட்கலாமா?