குரல் கேட்கிறதா என்று கேட்டேன்

கோத்தகிரியிலிருந்து:

சமூகப்பணி படித்த காலத்தில், துக்கத்தை அளக்கும் கேள்வித்தாள் ஒன்றோடு இங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளுக்குப் போனேன். அமெரிக்க ஆய்வாளர் ஹாலி பிரிகர்சன் குழுவினர் 1995இல் வெளியிட்டது. மொத்தம் 19 வாக்கியங்கள். 'இல்லவே இல்லை' என்றால் 0, 'எப்போதும்' என்றால் 4. கூட்டி 25ஐத் தாண்டினால் துக்கம் ஆறாமல் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று கணக்கு.

அங்கே நான் பார்த்த அம்மாவுக்கு வீட்டுக்காரர் தவறி எட்டு மாதம். கொழுந்து எடுத்துவிட்டு வந்தவர், இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்காமல் திண்ணையில் உட்கார்ந்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவர் குரல் உங்களுக்குக் கேட்கிறதாம்மா?"

"கேக்காம? சங்கு ஊதறதுக்கு முன்னாடியே 'அடுப்பைப் பத்த வை'ன்னு சொல்லிக்கிட்டுத்தானே இருக்காரு. டீ குடிக்கிறியா கண்ணு?"

4 போட்டேன். அந்த அம்மாவுக்கு அது தொந்தரவே இல்லை என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை. 'அவருடைய பொருள்களை மனம் நாடுகிறது' என்பதும் அப்படித்தான். மேலே போட்டிருந்ததே வீட்டுக்காரரின் ஸ்வெட்டர். இந்தக் குளிருக்கு வேறு எதைப் போடுவார்? அதற்கும் மதிப்பெண் ஏற்றினேன், அசடு மாதிரி.

ஆனால் 'அவர் போனதிலிருந்து யாரையும் நம்ப முடியவில்லை' என்று வாசித்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். காரியம் முடிந்த கையோடு பி.எஃப். பணத்தை வாங்கிக்கொண்டு திருப்பூர் போன மகன் திரும்பவே இல்லை. எட்டு மாதமாக அதை யாரும் கேட்கவில்லை.

"இதை மட்டும் நல்லா எழுதிக்கோ" என்றார்.

பூம்பாறையிலிருந்து:

இதைப் படித்ததும் என் கதையையும் சொல்லத் தோன்றியது. அண்ணன் பூண்டு வயலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அப்புறம் எனக்கும் அதே இடது பக்கம் வலி. இரண்டு தரம் இசிஜி எடுத்தும் ஒன்றுமில்லை. வீட்டில் சொல்லவே வெட்கம்.

கவுன்சலர் அந்த 19இல் ஒன்றை வாசித்தார்: 'இறந்தவருக்கு வலித்த இடத்திலேயே எனக்கும் வலிக்கிறது.' அச்சில் இருக்கிறதென்றால் எனக்கு முன்னால் யாருக்கோ வலித்திருக்கிறது! அங்கேயே அழுதுவிட்டேன்.

இது நோயா என்று கேட்டேன். "நாலு மாசம்தானே ஆகுது தம்பி. உலக சுகாதார நிறுவனமே ஆறு மாசம் போகட்டும்னுதான் சொல்லுது" என்றார்.

ஒரு வருடம் கழித்து மறுபடி கேட்டபோது அந்த வாக்கியத்துக்கு 1 சொன்னேன். பூண்டு பிடுங்கும் நாளில் மட்டும் வருகிறது.