ஏழாம் வகுப்பு அறிவியல்: செயல்பாட்டு மதிப்பெண்ணை எதை வைத்துப் போடுகிறீர்கள்?

புதுவண்ணை டீச்சர்:
வணக்கம். வடசென்னையில் ஒரு உதவிபெறும் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். தொகுத்தறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவ இறுதித் தேர்வுக்கு 60, அதில் தொல்லை இல்லை, வினாத்தாள் வருகிறது, திருத்துகிறோம், முடிந்தது. வளரறி மதிப்பீட்டுக்கான, அதாவது பருவம் முழுக்க வகுப்புச் செயல்பாடுகளைப் பார்த்துப் போடும் 40-தான் தலைவலி. சார்ட் கொண்டு வரச் சொன்னால் பள்ளிக்கு எதிரே இருக்கும் கடையில் அச்சடித்த படத்தை வாங்கி ஒட்டி விடுகிறார்கள், இல்லையென்றால் வீட்டில் அக்கா வரைந்து கொடுக்கிறாள். பளபளவென்று சார்ட் வைத்த பெண்ணிடம் "இந்தப் படத்தில் அம்புக்குறி எதைக் காட்டுதும்மா?" என்று கேட்டால் முழிக்கிறாள். கேட்டதும் டக்கென்று பதில் சொல்கிற பையனோ எதையும் ஒப்படைப்பதே இல்லை. 40-க்கும் மேல் பிள்ளைகள், ஒரு பீரியட் 45 நிமிடம். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

கணக்கு சார்:
டீச்சர், பிள்ளையிடம் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், முறை தானாக வந்துவிடும். மின்சுற்று அமைக்கத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமானால் பேட்டரி, ஒயர், பல்பு மூன்றையும் கையில் கொடுத்துவிடுங்கள், அதற்கு எழுத்துத் தேர்வே வேண்டாம். கருத்து புரிந்ததா என்று பார்க்க ஒரே ஒரு நல்ல கேள்வி போதும், ஆனால் அது பிள்ளைகள் வழக்கமாகத் தப்பாக நினைக்கிற இடத்தைத் தொட வேண்டும்.

வெப்பப் பாடத்துக்கு என் சக ஆசிரியை கேட்கிற கேள்வி இது: இரண்டு ஐஸ் கட்டி, ஒன்றை அப்படியே தட்டில் வைக்கிறோம், இன்னொன்றைக் கம்பளியில் சுற்றி வைக்கிறோம், எது முதலில் உருகும், ஏன்? வெப்பக் கடத்தலுக்கு வரையறையை ஒப்பித்தவர்களில் நிறையப் பேர் "கம்பளி சூடு கொடுக்கும், அதனால் அதுதான் முதலில் உருகும்" என்று எழுதுவார்கள். உண்மையில் கம்பளி வெளிச்சூட்டை எளிதில் உள்ளே விடாது, தட்டில் இருப்பதுதான் முதலில் உருகும். காசிமேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் ஐஸைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போவதைத் தினமும் பார்க்கிறவர்கள், அவர்களில் சிலர் சரியாகச் சொல்லிவிடுவார்கள், காரணம் கேட்டால்தான் திணறுவார்கள். (மெரினாவில் இருக்கும் நம்ம ஐஸ் ஹவுஸுக்கு 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸும் மரத்தூளில் பொதிந்து வந்ததுதான், அதையும் சொல்லுங்கள், கண் விரியும்.)

பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கால் தாளில் பெயரோடு எழுதி வாங்குங்கள். திருத்த வேண்டாம், மூன்று கட்டாகப் பிரித்தால் போதும்: சரி, விடை சரி காரணம் தப்பு, இரண்டும் தப்பு. மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்று அந்தக் கட்டுகளே சொல்லிவிடும்.

தொடக்கப்பள்ளி மிஸ்:
கேள்வி அருமை சார், ஆனால் பதிவேடு எழுதுவது யார்? எனக்கு நடைமுறையில் சரிப்பட்டது, ஒரு நாளைக்கு ஒரு வரிசைப் பிள்ளைகளை மட்டும் கவனித்து எழுதுவது, எல்லோரையும் ஒரே நாளில் பார்க்கப் போனால் யாரையும் பார்க்க முடியாது. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோமே, அதன் பயனே குழந்தை இப்போது எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான். அதையே பட்டப்பெயர் மாதிரி ஆக்கி "நீ அரும்புதானே" என்று சொல்ல ஆரம்பித்தால் எல்லாம் போச்சு.

சார்ட்டை விட முடியாது என்றால் வகுப்பிலேயே செய்ய வையுங்கள். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிவிடுங்கள், அலங்காரத்துக்குப் பூஜ்யம், விளக்கிச் சொல்வதற்குப் பாதி.

ஒரு அம்மா:
நான் ஆசிரியை இல்லை, இடையில் வருகிறேன், மன்னிக்கவும். அந்த சார்ட்டை இரவு பதினோரு மணிக்கு வரைகிறவர்களில் நானும் ஒருத்தி. "7/10" என்று வந்தால் மீதி மூன்று எங்கே போச்சு என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. எதில் தடுமாறுகிறாள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம்.

கணக்கு சார்:
அம்மா சொல்வதற்கு ஆய்வே இருக்கிறது. 1988-இல் ரூத் பட்லர் என்ற கல்வி ஆய்வாளர் இஸ்ரேலில் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் எழுதித் தந்த பிள்ளைகள் முன்னேறினார்கள், குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்த்துத் தந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்ததும் குறிப்பை யார் படிக்கிறார்கள்? அதனால் கால் தாளில் மதிப்பெண் போடவே போடாதீர்கள். 40-க்கான கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதுவண்ணை டீச்சர்:
சரி சார், ஐஸ் கேள்வியை இந்த வாரமே கேட்கிறேன். ஒரு சந்தேகம், எதையும் ஒப்படைக்காத அந்தப் பையனிடம் வாய்மொழியாகத்தான் கேட்க முடியும், பள்ளி ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் சான்று கேட்டால் எதைக் காட்டுவது?

தொடக்கப்பள்ளி மிஸ்:
தேதி, கேட்ட கேள்வி, அவன் சொன்ன பதில் அவன் வாயில் வந்தபடியே ஒரு வரி. பதிவேட்டில் அது இருந்தால் காட்டலாம். எங்கள் பள்ளியில் இதுவரை யாரும் மறுத்ததில்லை. கால் தாள்களையும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் வைத்திருங்கள்.