சீனாவின் கிழக்குக் கடலோரம் இருக்கும் புத்தத் தலமான புதோ தீவுக்குப் போனவர்கள் சொல்லுங்கள், எது மனதில் நின்றது?

நிங்போவாசி:
கோயில்களை விடுங்கள், எல்லோரும் பார்த்ததுதான். எனக்குக் கடலோரச் சாவோயின் குகைப் பக்கம் இருக்கும் கல்வெட்டுதான் இன்னும் உறுத்துகிறது. குவான்யின் (கருணைக்கான போதிசத்துவர், சீனர்களுக்குப் பெண் தெய்வம் மாதிரி) தரிசனம் கிடைக்கும் என்று அலைக்குள் குதித்தவர்களையும், விரலை எரித்துக் காணிக்கையாக்கியவர்களையும் தடுக்க மிங் வம்ச காலத்துப் (1368–1644) படை அதிகாரிகள் நட்டது. துறவிகள் அல்ல, படைக்காரர்கள்! சீன நண்பர் படித்துச் சொன்னார்: துன்பம் தீர்க்க வந்தவள் உன் உயிரையா கேட்பாள்? நல்லது செய், போதும். விவரமில்லாத கிழவிகள் யாராவது மீறினால் பிடித்து விசாரிப்போம். குதித்துவிட்டவளை எங்கே போய்ப் பிடிப்பது என்று சிரித்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி கம்பி மேல் எக்கி, கீழே அலை இடிக்கும் இடத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

உப்புக்காற்று:
படைக்காரர்களை ரொம்பப் புகழாதீர்கள். 1387இல் இதே தீவைக் காலி செய்தது யார்? தாங் ஹெ, அவரும் தளபதிதான். கடற்கொள்ளையர் தொல்லை என்று ஆட்களைக் கிளப்பி, குவான்யின் சிலையைக் கரையிலுள்ள நிங்போ நகரத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். என் கதை சின்னது. பாறையில் 'கடல் வானப் புத்த நாடு' என்று பெரிய எழுத்தில் இருக்கிறதே, யாரோ கவிஞர் எழுதியது என்று நினைத்துப் படம் எடுத்தேன். தளபதி ஹௌ ஜிகாவ் எழுதியதாம்! 1589இல் தீவுக்குத் தலபுராணம் மாதிரி ஒரு நூல் வந்ததும் அவர் முயற்சியில்தான். கடற்கரைக் காவல் பார்க்கிறவனுக்கும் புயல் பயம் உண்டே, அவனும் குவான்யினிடம்தானே ஓடுவான்.

மூன்றாவது படகு:
இரண்டு பேரும் யாங்ஜி மடத்துக் கல்லை விட்டுவிட்டீர்களே. குவான்யின் உருவம் செதுக்கிய முதல் கல்லும் ஹௌ ஜிகாவ் வைத்ததுதான். அது போனபிறகு, 1608இல் லியு பிங்வென் என்ற இன்னொரு படை அதிகாரி அந்த உருவத்தின் பழைய நகலைத் தேடிப் பிடித்துத் திரும்பச் செதுக்க வைத்தார். நான் போனபோது விறைப்பாக ஒரு பெரியவர் அதன் முன் நின்றார். சல்யூட்டா கும்பிடா என்று தெரியாமல் அவர் கை பாதியிலேயே நின்றது. அவ்வளவுதான் பார்த்தேன்.

சரி, போகிறவர்களுக்கு: சீன நாட்காட்டியில் 2, 6, 9ஆம் மாதங்களின் 19ஆம் நாள் குவான்யின் விசேஷம், கால் வைக்க இடம் இருக்காது. படகுக்குப் பக்கத்துத் தீவான ஜூஜியாஜியனின் துறைக்கு வாருங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மூடுபனி என்றால் படகு விடமாட்டார்கள், ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். அப்புறம், புதோ என்ற பெயர் பொதலகத்திலிருந்து (புத்த நூல்களில் குவான்யின் வாழும் மலை) வந்தது என்றதும் யாரும் பொதிகை மலையை இழுக்காதீர்கள், அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.