பூட்டிக் ஆம்ப் (சிறு பட்டறைகளில் கையால் கட்டப்படும் கிட்டார் ஒலிபெருக்கி) தேர்வு: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

ஏழாம் கட்டை:

டம்பிள் என்ற ஆம்ப் கட்டுநரின் பாணியில் கட்டப்பட்ட ஆம்ப் ஒன்றை இரண்டு ஆண்டுகள் வைத்திருந்து, சென்ற மாதம் விற்றுவிட்டேன். விற்றதில் வருத்தமில்லை. அதை வாங்கிய நாளின் ஒரு நிமிடம்தான் இன்னும் உறுத்துகிறது.

ஆம்பைக் கட்டியவரே முதலில் வாசித்துக் காட்டினார். ஒரு சுரத்தை மீட்டி நிறுத்தினார். அது தேய்ந்து அடங்காமல், மெல்ல விரிந்து மேல் ஸ்தாயிக்குத் தாவி அங்கேயே நின்றது. வாங்குவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பிறகு கிட்டாரை என்னிடம் நீட்டினார். அதே கிட்டார், அதே குமிழ்கள், அதே நாற்காலி. ஆனால் நான் வாசித்தபோது, விரல் தந்தியை விட்டு எழும் சிறு ஓசை, பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) சாய்ந்து உரசும் ஓசை, அரைக் கணம் பிந்திய சுரம் எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. என் பழைய ஆம்பில் இவை கேட்டதே இல்லை. அது எப்போதும் சற்றே உடைந்த ஒலியில், அதாவது தன் எல்லையைத் தாண்டிக் கரகரக்கும் ஒலியில் ஓடுவது. ஒலி உடையும்போது மீட்டலின் கூர்முனை மழுங்கி, வலுத்த சுரமும் மெலிந்த சுரமும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அந்த மறைப்பில் நான் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் எதுவும் சொல்லாமல் குனிந்து ஏதோ ஒரு குமிழைச் சற்றே திருப்பிவிட்டு, "பழகிவிடும்" என்றார்.

பழகவில்லை. 2022-இல் மறைந்த அலெக்சாண்டர் டம்பிள், வாங்குபவரின் வாசிப்பைக் கேட்டு, அவரவர் கைக்கேற்ப மின்சுற்றின் மதிப்புகளை மாற்றிக் கொடுத்தவர். பிறர் படியெடுத்துவிடாதபடி சுற்றின் மேல் எபாக்சி என்னும் பிசினைப் பூசி மறைத்தவர். அப்படி யாரோ ஒருவருக்காகச் சரிசெய்யப்பட்ட ஆம்பின் நகலை நான் வாங்கியிருந்தேன். வேறொருவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை, அதே துணி, அதே தையல் என்று பெருமையோடு வாங்கி மாட்டிக்கொண்டு, தோளில் ஏன் பிடிக்கிறது என்று இரண்டு ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ட்வீட் பெட்டி:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. என்னுடையது 5இ3, அதாவது 1950-களின் பிற்பகுதியில் வந்த ஃபெண்டர் ட்வீட் டீலக்ஸ் சுற்றைப் பின்பற்றிக் கையால் கட்டப்பட்ட ஆம்ப். இரண்டு 6வி6 வால்வுகள் (ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்கள்), ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். வீட்டில் வால்யூம் குமிழை இரண்டில் வைத்து வாசித்தபோது, ஒவ்வொரு கார்டும் (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) தேன் ஒழுகுவதுபோல் இருந்தது. நான் வாசிப்பது பெரும்பாலும் ஜாஸ் துணைவாசிப்பு. ஒவ்வொரு சுரமும் துலக்கமாகக் கேட்டால்தான் அந்தக் கார்டுகளுக்குப் பொருளே உண்டு.

முதல் ஒத்திகையில் டிரம்மர் ஸ்னேரில் முதல் அடி வைத்ததும் என் கிட்டார் காணாமல் போயிற்று. மூன்றுக்கு ஏற்றினேன், நான்குக்கு ஏற்றினேன். ஐந்தைத் தாண்டிய பிறகு ஒலி பெருகவே இல்லை, தடித்தது, அவ்வளவுதான். பாட்டு நடுவில் பேஸ் வாசிப்பவர் என் பக்கம் திரும்பி, "ஃபஸ் பெடலை எதற்குப் போட்டீர்கள்?" என்று கேட்டார். ஒலியைக் கரகரப்பாக்கும் அந்தப் பெடல் மட்டுமல்ல, என் காலடியில் எந்தப் பெடலுமே இல்லை. கிட்டாரிலிருந்து ஒரு கேபிள் நேராக ஆம்புக்குப் போயிற்று. அதை அவரிடம் காட்டியபோது அவர் முகத்தில் வந்த இரக்கத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை:

இருவரும் ஆம்பைப் பழிக்கிறீர்கள், கணக்கைப் பார்க்கவில்லை. 22 வாட் ஆம்ப் போதவில்லை என்று 50 வாட் ஆம்ப் வாங்கினேன். குழுவில் ஒருவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. என் அனுபவம் இவ்வளவுதான். அதிலிருந்து கற்றதை விரிவாகச் சொல்கிறேன்.

வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஒலி இருமடங்கு ஆனதாகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 22-இலிருந்து 50-க்குப் போன எனக்குக் கிடைத்தது மூன்றரை டெசிபல். அதில் பாதிக்கு மேல் ஸ்பீக்கரை மாற்றியே பெற்றிருக்கலாம். செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக் ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது ஒரே வாட்டுக்கு அது தரும் ஒலியளவு, 98 டெசிபல். வின்டேஜ் 30-இன் உணர்திறன் 100. ஆல்னிகோ புளூவும் 100-தான், ஆனால் அது தாங்குவது 15 வாட் மட்டுமே என்பதால் எல்லா ஆம்பிலும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிட முடியாது. மாற்றும்போது ஸ்பீக்கரின் ஓம் (மின்மறுப்பு அளவு) ஆம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

அடுத்து, ஆம்பைத் தரையில் வைத்து அதற்கு நேராக நின்று வாசிப்பவர்களுக்கு: 12 அங்குல ஸ்பீக்கர் மேல் அதிர்வெண்களை ஒரு குறுகிய கற்றையாகத்தான் வீசுகிறது. உங்கள் கணுக்கால் அதைக் கேட்கிறது, காது கேட்பதில்லை. ஆகையால் டிரெபிளை ஏற்றுகிறீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் பல்லைக் கடிக்கிறார். நாற்காலியின் மேல் ஏற்றி வைத்துச் சோதியுங்கள். இன்னொன்று: தாழ்ந்த ஒலியில் நம் காது பேஸைக் குறைவாகவே உணரும். வீட்டில் நள்ளிரவில் பேஸை ஏற்றி வைத்த அதே அமைப்பை மேடைக்குக் கொண்டுபோனால் ஒலி சேறாகிவிடும். ஆகவே எந்த அளவு ஒலியில் வாசிக்கப்போகிறீர்களோ, அதே அளவில் சோதிக்காமல் எந்த ஆம்பையும் வாங்காதீர்கள்.

ஏழாம் கட்டைக்கு ஒரு கேள்வி: அவர் திருப்பிய குமிழ் எது? பிரசன்ஸாக (மேல் அதிர்வெண்களைத் துலக்கும் குமிழாக) இருந்தால் உங்கள் உறுத்தலுக்கு விடை அதிலேயே இருக்கிறது.

விரல்நுனி:

கணக்குப்பிள்ளை ஐயா, கணக்கில் பிழையில்லை. ஆனால் ட்வீட் பெட்டியின் சிக்கல் ஒலி போதாததில் தொடங்கினாலும், முடிந்தது ஒலி உடைந்ததில். 5இ3-இல் எதிர்ப் பின்னூட்டம் (வெளிவரும் ஒலியில் ஒரு பகுதியை எதிராகத் திருப்பி ஊட்டித் திரிபைக் குறைக்கும் அமைப்பு) கிடையாது. அவுட்புட் வால்வுகள் கேத்தோடு பயாஸில், அதாவது தம் மின்னோட்டத்தைத் தாமே சீர்செய்துகொள்ளும் முறையில், ஓடுகின்றன. அத்தகைய ஆம்ப் குறிப்பிட்ட ஒரு புள்ளி வரை தூய்மையாக இருந்துவிட்டு அங்கே சட்டென்று உடைவதில்லை; தொடக்கத்திலிருந்தே சிறிது சிறிதாகக் கனிந்துகொண்டே போகும். ப்ளூஸ் வாசிப்பவருக்கு வரமாக இருப்பது ஜாஸ் வாசிக்கும் ட்வீட் பெட்டிக்குச் சாபமாயிற்று. இரண்டு டெசிபல் இதைத் தீர்க்குமா என்பது ஐயம்.

என் கதைக்கு வருகிறேன். நான் பிக் இல்லாமல் விரல்களால் மீட்டுபவள். இரண்டு ஆம்ப்களை அடுத்தடுத்து வைத்து என் சொந்தக் கிட்டாரிலேயே சோதித்தேன். ஒன்று வாக்ஸ் ஏசி30 வழிவந்தது, இஎல்84 வால்வுகள். விற்றவர் அதை "தூய கிளாஸ் ஏ" என்று மூன்று முறை சொன்னார். கிளாஸ் ஏ என்றால் வால்வுகள் ஒரு கணமும் ஓயாமல் மின்னோட்டத்தோடு இயங்குவது; முழு ஒலியில் அந்தச் சுற்று, அவை மாறி மாறி ஓயும் கிளாஸ் ஏபி-யில்தான் ஓடும் என்று நான் சொல்லவில்லை, சொல்லியும் பயனில்லை. மற்றொன்று அடுக்கடுக்காக கெயின் நிலைகள் (ஒலியைப் பெருக்கும் படிகள்) கொண்ட, அடர்த்தியான குரலுள்ள ஆம்ப். கிட்டாரின் வால்யூமைப் பத்திலிருந்து நான்குக்கு இறக்கியபோது முதல் ஆம்ப் கண்ணாடிபோல் தெளிந்தது. இரண்டாவதில் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கிய ஒலி வந்தது. என் கைக்கு எது பொருந்தும் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் தனியாகக் கேட்டபோது முதலாவது மெலிந்து ஒலித்தது. உடன் வந்தவர்கள் எல்லோரும் இரண்டாவதைப் புகழ்ந்தார்கள். இரண்டாவதையே வாங்கினேன்.

பேஸும் கீபோர்டும் சேர்ந்த முதல் நாளே என் அடர்த்தி அவற்றின் அடர்த்திக்குள் மூழ்கிற்று. ஆறு மாதம் கழித்து ஒரு நிகழ்ச்சியில் எங்களுக்கு முன் வாசித்த குழுவின் கிட்டார் ஒவ்வொரு சுரமும் பிசிறின்றி அரங்கின் கடைசி வரிசை வரை வந்தது. மேடையருகே போய்ப் பார்த்தேன். கைப்பிடிக்குக் கீழே அதே நீண்ட கீறல். நான் வேண்டாம் என்று விட்டுவந்த அதே பெட்டி. அவர் ஆம்பைக் கழற்றி எடுத்துப் போகும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.

தாமத எதிரொலி:

பெடல் வைத்து வாசிப்பவர்கள் யாரும் எழுதவில்லையே என்று நான் எழுதுகிறேன். ட்ரெயின்ரெக் பாணி ஆம்ப், ஒற்றைச் சேனல், மாஸ்டர் வால்யூம் (மொத்த ஒலியைக் கட்டுப்படுத்தும் குமிழ்) இல்லை, ரிவெர்ப் இல்லை, எஃபெக்ட்ஸ் லூப் (முன்நிலைக்குப் பின்னால் பெடல்களை இணைக்கும் வழி) இல்லை. ஆம்பெக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, பிறகு தனியாக ட்ரெயின்ரெக் ஆம்ப்களைக் கட்டிய கென் ஃபிஷர், அவற்றுக்கு வரிசை எண்ணுக்குப் பதிலாகப் பெண்களின் பெயர்களைச் சூட்டினார் என்ற செய்தியிலேயே பாதி மயங்கிவிட்டேன். கேபிளை நேராகச் செருகி, கிட்டார் வால்யூமையே கடிவாளமாகப் பிடிப்பவருக்கான ஆம்ப் அது. நானோ எட்டுப் பெடல் பலகையோடு போய் நின்றேன்.

ஒரு கார்டை அடித்தேன். டிலே பெடலின் எதிரொலிகள் தேய்ந்து மறைய வேண்டும் அல்லவா? மறையவில்லை. இரண்டாவது எதிரொலி முதல் அடியின் அளவுக்கே உரக்கத் திரும்பிவந்தது. மூன்றாவது அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. உடைந்த ஒலி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் என்று ஏழாம் கட்டை மேலே எழுதியிருப்பது என் எதிரொலிகளுக்கும் பொருந்தும். டிலே, டிஸ்டார்ஷனுக்கு (ஆம்பில் ஒலி உடையும் இடத்துக்கு) முன்னால் போய்விட்டது. பின்னால் வைக்க அந்த ஆம்பில் இடமே இல்லை. நான்கு பேர் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பேசுவதுபோல் இருந்தது. நான் பெடல் பலகையை விற்கவில்லை, ஆம்பை விற்றேன்.

ட்வீட் பெட்டி:

கணக்குப்பிள்ளை சொன்னபடி உணர்திறன் கூடிய ஸ்பீக்கரை நான் முன்பே மாட்டிப் பார்த்துவிட்டேன். ஒலி கொஞ்சம் கூடியது உண்மை. அதைக் கேட்டு மகிழ்ந்த டிரம்மர் இன்னும் ஓங்கி அடிக்கத் தொடங்கினார்.

ஓரளவு கைகொடுத்தது வேறொன்று. இந்தச் சுற்றின் முதல் வால்வு மூலத்தில் 12ஏஒய்7. என் ஆம்பில் 12ஏஎக்ஸ்7 மாட்டியிருந்தார்கள். முன்னதன் பெருக்கக் காரணி 44, பின்னதன் பெருக்கக் காரணி 100. மாற்றிய பிறகு ஒலி உடையும் இடம் குமிழில் தள்ளிப்போயிற்று. செருகாத சேனலின் வால்யூம் குமிழும் இதில் ஒலியை மாற்றும் என்பதை அறிந்திருப்பீர்கள். அதையும் திருப்பித் திருப்பி ஓர் இடம் கண்டுபிடித்திருக்கிறேன். மூவர் குழுவுக்குப் போதும், டிரம்மர் பிரஷ்ஷால் வாசித்தால்.

ஏழாம் கட்டை:

கணக்குப்பிள்ளை கேட்டதால் அன்று கைப்பேசியில் எடுத்த காணொளியைத் தேடிப் பார்த்தேன். நான் வாசிக்கும் பகுதி நாற்பது நொடிகள்தான் இருக்கிறது. அவர் குனிவதும் கையை நீட்டுவதும் தெளிவாகவே தெரிகின்றன. பிரசன்ஸ் இல்லை. மாஸ்டர் குமிழ். ஒலியைக் குறைத்திருக்கிறார்.