பத்துப் பேர்கூட இல்லாத நர்ஸிங் ஹோமுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எதற்கு?

பாளை_டாக்டர்:
பாளையங்கோட்டையில் 12 படுக்கையோடு சின்னதாக ஒரு நர்ஸிங் ஹோம் நடத்துகிறேன். சம்பளப் பதிவேட்டில் ஒன்பது பேர். அது போக, கூட்டித் துடைக்கவும் குப்பை எடுக்கவும் காண்ட்ராக்டர் மூன்று பேரை அனுப்புகிறார். போன வாரம் ஆடிட்டர் வந்து, "டாக்டர், நீங்க இஎஸ்ஐக்குள்ள வந்துட்டீங்க, இன்னும் சேராம இருக்கீங்களே" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் ஆட்கள் ஒன்பது பேர்தானே? ஆட்களுக்கு வேலையில் காயம்பட்டால் இழப்பீடு தருகிற ஒர்க்மேன் பாலிசியும் வருடா வருடம் எடுத்து வருகிறேன். காப்பீட்டு நோயாளிகளின் பில் பணம் கைக்கு வரவே மாதக்கணக்கில் ஆகிறது. இதில் மாதாமாதம் இன்னொரு செலவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு_அண்ணாச்சி:
ஆடிட்டர் சொன்னது சரி டாக்டர். உங்கள் வளாகத்தில் உங்கள் வேலையைச் செய்கிற காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்துத்தான் தலை எண்ண வேண்டும். ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு. பத்துப் பேர் இருந்தாலே இஎஸ்ஐ கட்டாயம், அதைத் தாண்டியாயிற்று. 2025 நவம்பர் 21 முதல் இஎஸ்ஐ சட்டமும் வேலை விபத்துக்கு முதலாளி பணம் தர வேண்டும் என்ற 1923-ம் வருடத்து இழப்பீட்டுச் சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற ஒரே சட்டத்துக்குள் போய்விட்டன. ஆனால் பத்துப் பேர் என்ற அளவு அப்படியேதான் இருக்கிறது.

செலவு எவ்வளவு என்று பார்ப்போம். 2019 ஜூலையிலிருந்து முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. அதற்கு முன்னால் 4.75, 1.75 என்று இருந்தது. 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு உங்கள் கையிலிருந்து 390, அவர் கையிலிருந்து 90. பன்னிரண்டு பேருக்கும் அதே சம்பளம் என்று வைத்தால் மாதம் 4,680 ரூபாய். காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் முதலில் கட்ட வேண்டியவர் நீங்கள்தான், அதைக் காண்ட்ராக்டர் பில்லில் பிடித்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும்.

ஜங்ஷன்_லேப்:
அண்ணாச்சி, கணக்கு சரி. நடப்பு வேறு. ஜங்ஷனில் 15 வருடமாக லேப் வைத்திருக்கிறேன். என்னிடம் பதினோரு பேர். இஎஸ்ஐ கட்டுகிறேன், ஒருத்தரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஒரு காய்ச்சலுக்காக அரை நாள் லீவு போட்டு வரிசையில் நிற்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? பக்கத்து டாக்டரிடம் அனுப்பி நானே காசு கொடுக்கிறேன். கட்டுகிறதையும் கட்டி, வைத்தியச் செலவையும் பார்ப்பது என்ன நியாயம்? அந்தப் பணத்தில் எல்லோருக்கும் சேர்த்து நல்ல மருத்துவக் காப்பீடு, குரூப் மெடிக்ளெய்ம், எடுத்தால் ஆட்களுக்கும் சந்தோஷம். இன்னொன்று, மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குத்தான் இஎஸ்ஐ, அந்த வரம்பை 2017-ல் வைத்தார்கள். என் சீனியர் டெக்னீஷியன் அதைத் தாண்டிவிட்டார், அவருக்கு இஎஸ்ஐயே கிடையாது. லேபில் அதிக நேரம் ரத்தத்தைக் கையாள்பவர் அவர்தான்.

சேரன்மாதேவி_சிஸ்டர்:
லேப் அண்ணனுக்கு நான் பதில் சொல்கிறேன். நான் நர்ஸ். நாலு வருடத்துக்கு முன்னால் வேறொரு தனியார் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்தேன், பெயர் வேண்டாம். ராத்திரி இரண்டு மணி இருக்கும். ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்துவிட்டு டிரேயைத் தூக்குகிறேன், பஞ்சுக்கு அடியில் யாரோ விட்டுப்போன இன்னொரு ஊசி. கையுறையைத் தாண்டி ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. வலி ஒன்றுமில்லை, எறும்பு கடித்த மாதிரிதான். கையுறைக்குள் ரத்தம் பரவினதைப் பார்த்தபோதுதான் கை நடுங்கியது.

இன்சார்ஜ் வந்து, "பிதுக்கிவிட்டு ஸ்பிரிட் தடவு" என்றார். பிதுக்கவே கூடாது, சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அதைக்கூட யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. எச்ஐவி தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. விடியட்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். காலையில் நானே பஸ் ஏறி ஐகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மாத்திரை கொடுத்தார்கள். 28 நாள் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் குமட்டல், தலைசுற்றல், சோற்றைப் பார்த்தாலே ஓங்கரிப்பு. பதினோரு நாள் வேலைக்குப் போக முடியவில்லை, அந்தப் பதினோரு நாள் சம்பளத்தையும் பிடித்துவிட்டார்கள். விபத்து என்று ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன், கடைசிவரை தரவில்லை. ரிசல்ட் நெகட்டிவ் என்று வரும்வரை என் பிள்ளையைத் தூக்கக்கூட பயந்தேன்.

இப்போது சொல்லுங்கள் அண்ணே, உங்கள் மெடிக்ளெய்ம் இதற்கு என்ன தரும்? படுக்கையில் சேர்ந்தால்தானே அந்தக் கார்டுக்கு வேலை. நான் எந்தப் படுக்கையிலும் சேரவில்லை. இஎஸ்ஐ இருந்திருந்தால் வேலையில் பட்ட காயம் என்று அந்தப் பதினோரு நாளுக்கும் சம்பளத்தில் 90 சதவீதம் வந்திருக்கும். சேர்ந்த முதல் நாளே ஊசி குத்தினாலும் அந்த உரிமை உண்டு. என் அம்மா முக்கூடலில் பீடி சுற்றியவர். அவருக்குக்கூட பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்த எனக்கு ஒன்றுமில்லை.

ஜங்ஷன்_லேப்:
சிஸ்டர், படிக்கவே கஷ்டமாக இருந்தது. உங்களுக்கு நடந்தது அநியாயம். மெடிக்ளெய்ம் ஊசிக் குத்துக்கு உதவாது என்பதை ஒத்துக்கொள்கிறேன், நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. ஆனால் அதற்குத்தான் டாக்டர் ஒர்க்மேன் பாலிசி வைத்திருக்கிறாரே? அப்புறம் இன்னொரு கேள்வி. வீட்டிலிருந்து வருகிற வழியில் பைக்கில் விழுந்தாலும் வேலை விபத்துதான் என்கிறார்களே, ரோட்டில் நடப்பதற்கு முதலாளி எப்படிப் பொறுப்பாவார்?

கணக்கு_அண்ணாச்சி:
முதலில் வழி விபத்து. இஎஸ்ஐயில் 2010-லிருந்தே அது உண்டு. பயணத்துக்கும் வேலைக்கும் நேரத்திலும் இடத்திலும் தொடர்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அது பொருந்தும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கு. விடிகாலை மூன்று மணி ஷிப்டுக்குப் போகும்போது ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் இறந்துபோனார். அது நடந்தது 2003-ல். தீர்ப்பு வர 22 வருடம். நைட் டூட்டிக்குக் கடைசி பஸ் பிடித்து வருகிற சிஸ்டர்களை நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் ரோட்டுக்கு அவர்களை வரவைப்பது நம் வேலைதானே.

டாக்டர், உங்கள் பாலிசியில் மூன்று இடத்தைப் பாருங்கள். தொழில்நோய், அதாவது வேலையால் வருகிற நோய், சேர்த்திருக்கிறதா? அதற்குத் தனிப் பிரீமியம் கட்ட வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். மருத்துவச் செலவு எந்த அளவு வரை? காண்ட்ராக்ட் ஆட்கள் உள்ளே இருக்கிறார்களா? நம் தொழிலில் ஆபத்து வருவது பெரும்பாலும் கிருமி வழியாக. சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் முதல் வரியே தொற்றுநோய்தான், மருத்துவப் பணியும் லேப் பணியும் பெயர் சொல்லியே இருக்கின்றன. அதை விட்டுவிட்டு வழுக்கி விழுவதற்கு மட்டும் பாலிசி எடுத்து என்ன பயன்?

இஎஸ்ஐ இல்லாத ஊழியருக்கு நீங்கள் தர வேண்டிய இழப்பீடு எவ்வளவு வரும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 30 வயது ஊழியர் இறந்தால் மாதச் சம்பளத்தில் பாதியை, அந்த வயதுக்குச் சட்டம் வைத்திருக்கிற எண்ணான 207.98 ஆல் பெருக்க வேண்டும். 2020-லிருந்து சம்பளத்தை 15,000 வரை எடுத்துக்கொள்வார்கள். 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். நிரந்தரமாக முழுதும் முடங்கினால் பாதிக்குப் பதில் 60 சதவீதம், 18,71,820. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, அதற்கு மேல் பாதித் தொகை வரை அபராதம். அபராதத்தைப் பாலிசி ஏற்காது, உங்கள் கைக்காசுதான்.

பாளை_டாக்டர்:
பாலிசியை எடுத்து இப்போதுதான் முழுசாகப் படித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆறு பேர் என்றும், ஆளுக்கு 7,000 சம்பளம் என்றும் போட்டிருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன்னால் கொடுத்த கணக்கை அப்படியே புதுப்பித்து வந்திருக்கிறோம். தொழில்நோய் இல்லை. காண்ட்ராக்ட் ஆட்கள் இல்லை.

கணக்கு_அண்ணாச்சி:
ஏதாவது நடந்தால் கம்பெனி முதலில் பிடிப்பது அந்தக் குறைச்சல் கணக்கைத்தான். 21,000 வரை சம்பளம் உள்ளவர்களை இஎஸ்ஐயில் சேர்த்துவிடுங்கள். அதில் வந்தவர்களுக்கு அதே காயத்துக்கு நீங்கள் தனியாக இழப்பீடு தர வேண்டியதில்லை. வரம்பைத் தாண்டியவர்களுக்கு மட்டும், உண்மைச் சம்பளம் காட்டி, தொழில்நோயோடு பாலிசி எடுங்கள். லேப் தம்பிக்கும் அதுதான் வழி, சீனியர் டெக்னீஷியனை வெறுமனே விடாதீர்கள்.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. டாக்டரிடம் எத்தனை சிஸ்டர்கள் இளவயது? பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் 26 வாரப் பேறுகாலச் சம்பளத்தை முதலாளிதான் தர வேண்டும். 12,000 சம்பளத்துக்கு அது ஏறக்குறைய 72,000. இஎஸ்ஐயில் இருந்தால், போதிய நாள் சந்தா கட்டியிருந்தால், அதை அவர்கள் கொடுப்பார்கள். அந்தச் சிஸ்டருக்காக நீங்கள் வருடம் முழுக்கக் கட்டுவது 4,680.

ஜங்ஷன்_லேப்:
பேறுகாலக் கணக்கு எனக்குப் புதுசு. என்னிடமும் இரண்டு பிள்ளைகள் கல்யாணம் முடித்திருக்கிறார்கள். சரி, டெக்னீஷியனுக்குத் தனிப் பாலிசி விசாரிக்கிறேன். ஆனாலும் அந்த 21,000 வரம்பை ஏற்றாமல் இருப்பது தப்பு என்பதில் மாற்றமில்லை.

சேரன்மாதேவி_சிஸ்டர்:
அதில் நானும் உங்கள் பக்கம்தான் அண்ணே. டாக்டர், குப்பை எடுக்கிற அந்த மூன்று பேருக்கும் மஞ்சள்காமாலை பி தடுப்பூசி போட்டிருக்கிறதா? மருத்துவக் கழிவைத் தொடுகிறவர்களுக்கு அதுவும் டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும் என்று 2016 விதியிலேயே இருக்கிறது. நாங்கள் ஊசியைத் தப்பான பையில் போட்டால் முதலில் குத்துவது அவர்கள் கையில்.

பாளை_டாக்டர்:
விசாரித்தேன் சிஸ்டர். மூன்று பேரில் ஒருவருக்கும் போடவில்லை. இன்று மத்தியானம் மூவருக்கும் முதல் டோஸ் போட்டாயிற்று, அடுத்தது ஒரு மாதத்தில், பிறகு ஆறாவது மாதம். ஒரு அம்மா ஏழு வருடமாக என்னிடம் வேலை பார்க்கிறார். பதிவுக்காக முழுப் பெயரும் வயதும் இன்றுதான் கேட்டு எழுதினேன்.

இஎஸ்ஐ பதிவுக்கு ஆடிட்டரிடம் சொல்லிவிட்டேன். காண்ட்ராக்டரிடம் பில்லில் பிடிப்பேன் என்றதும், "அப்படின்னா ஆளை மாத்திடுதேன் டாக்டர்" என்கிறார். என்ன செய்ய அண்ணாச்சி?

கணக்கு_அண்ணாச்சி:
யாரை மாற்றினாலும் தலை மூன்றுதான் டாக்டர், கட்ட வேண்டியதும் அதேதான். ஏழு வருடம் இருந்த அம்மாவை விட்டுவிடாதீர்கள். மூவரையும் உங்கள் பதிவேட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள், காண்ட்ராக்டர் கமிஷனில் மிச்சமாவதை வைத்து 3.25-ஐக் கட்டிவிடலாம். முதல் மாதத்துக் கணக்கை இங்கே போடுங்கள், சரிபார்த்துத் தருகிறேன்.