2022 பெப்ரவரி 14 அண்டு உங்களிட்ட எத்தினை வீடு இருந்தது?

வாடகைக்கு விடுவம் எண்டு 2016ல கிழக்கு லண்டனில ஒரு பிளாட் வாங்கினனாங்கள், ஏழாம் மாடி. அடுத்த வருசம் ஜூனில கிரென்ஃபெல் டவர் எரிஞ்சு 72 சனம் செத்துது, டிவியில பாத்து அழுதனாங்கள், ஆனா எங்கட பில்டிங்கின்ர வெளிச்சுவரும் நெருப்புப் பிடிக்கிற சாமான் எண்டு அப்ப ஆருக்குத் தெரியும். 2020ல மோட்கேஜ் மாத்தப் போனா வங்கிக்காரன் இடபிள்யூஎஸ்1 ஃபோம் கேக்கிறான், வெளிச்சுவர் நெருப்புக்குப் பாதுகாப்போ எண்டு பாத்துக் குடுக்கிற கடதாசி. ஆள் வந்து பாக்கவே பதினொரு மாசம், பாத்திட்டு பி2 எண்டு எழுதினான், அதாவது திருத்த வேலை செய்துதான் ஆகோணும். வலுவேசன் சைபர். பிறகு வேக்கிங் வோச் எண்டு நெருப்புக் காவலுக்கு ராவு முழுக்க ரெண்டு பேர் ஹோர்னோட மாடி மாடியா நடக்கிறது, அந்தச் சம்பளமும் பில்டிங் பராமரிப்புக்குக் கட்டிற சேர்விஸ் சார்ஜில எங்கட தலையில.

2022ல பில்டிங் சேஃப்டி சட்டம் வந்து, இப்பிடியான திருத்த வேலைக்கு பிளாட்காரரிட்ட கேக்கிற காசுக்கு எல்லை போட்டோண்ண தப்பிட்டம் எண்டு நினைச்சன். எங்க தப்பினது! அந்தப் பாதுகாப்புக் கிடைக்க, அந்த வருசம் பெப்ரவரி 14 அண்டு அந்த பிளாட்டில நீங்களே குடியிருந்திருக்கோணும், இல்லாட்டி யூகேயில மொத்தம் மூண்டு வீட்டுக்கு மேல இருந்திருக்கக் கூடாது. எங்களிட்ட நாலு. நாலும் மனிசியும் நானும் சேந்த பேரில, ஆளுக்கு நாலு எண்டு எண்ணுறாங்கள். ஆளுக்கு ரெண்டாப் பிரிச்சு எழுதியிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லையாம். ஊர் வளவைக் கணக்கில எடுக்கேல்ல, அந்தளவில சந்தோசம்.

கிளாடிங், அதாவது வெளிச்சுவரில பூட்டின தகடு, மாத்திற காசை அரசாங்க ஃபண்ட் குடுத்திட்டுது. உள்ளுக்க தீத்தடுப்புச் சுவர், பலகை பல்கனி வேலைக்கு என்ர பங்கு 31,000 பவுண்ஸ். பக்கத்து பிளாட் பெடியன் அதிலயே குடியிருந்தவன், அவனுக்கு 15,000க்கு மேல கேக்கேலாது, அதுவும் பத்து வருசத்துக்குப் பரப்பி.

———

அண்ணை, நீங்கள் வித்தாலும் அந்தப் பாதுகாப்பு இல்லாத நிலை லீஸோடயே, பிளாட்டின்ர நீண்டகாலக் குத்தகையோடயே, ஒட்டிக்கொண்டு போகும். நான் அதிலதான் மாட்டினனான். 2023ல மலிவாக் கிடைக்குது எண்டு என்ர முதல் வீட்டை வாங்கினன், வித்தவருக்கு ஆறு வீடு இருந்ததாம். எனக்கு இது ஒண்டுதான், எண்டாலும் பாதுகாப்பு இல்லை. வித்தவருக்குப் பாதுகாப்பு இருந்ததோ எண்டு காட்டிற லீஸ்ஹோல்டர் சேர்ட்டிபிகேட் எங்க எண்டு என்ர சொலிசிட்டர் ஒரு வார்த்தை கேக்கேல்ல. அதைப் பாக்காமல் ஒருத்தரும் கையெழுத்து வைக்காதேங்கோ, ஏலத்தில வாங்கிறாக்கள் முக்கியமா.

———

எங்கட பில்டிங் நாலு மாடி. இந்தப் பாதுகாப்புக்கு அஞ்சு மாடி இல்லாட்டி 11 மீட்டர் உயரம் வேணும், எங்களுக்கு ரெண்டும் இல்லை, அதுக்குள்ளயே வரேல்ல. அளக்கிறது கூரை வரைக்கும் இல்லை, கடைசி மாடித் தரை வரைக்கும்தான், அதில எனக்கு ஒண்டரை மீட்டர் காணாது. வாடகைக்கு இருக்கிற பிள்ளையள் பல்கனியில பார்பெக்கியூ போடுதுகள் எண்டு கேள்விப்பட்டா நித்திரை வருகுதில்லை, காசை விடுங்கோ.

———

முதல் எழுதினவன் தான். தம்பி சொன்னது சரி, ஏஜென்டும் அதைத்தான் சொன்னவன், விலையில பெரிய வெட்டு விழும் எண்டு. இன்னொண்டு சொல்ல மறந்திட்டன். நாலாவது வீட்டை நாங்கள் வித்திட்டம். காசு கைக்கு வந்தது 2022 மார்ச் 4.