ஃபியூஸ் கட்டையை மாற்றிய பிறகுதான் உண்மையான வேலை – அனுபவப் பகிர்வு

ஃபியூஸ் கட்டையைக் கழற்றிவிட்டு எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) மாட்டிவிட்டால் பழைய வீடு பத்திரமாகிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கும்பகோணத்தில் எங்கள் வீட்டு வேலை முடிந்த கையோடு எழுதுகிறேன். பெட்டி மாற்றுவது பெரிய விஷயமில்லை. மாற்றிய பிறகு ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் சப்ளையை வெட்டிவிடும் கருவி) ட்ரிப் ஆக, அதாவது தானாக விழ ஆரம்பிக்கும் பாருங்கள், அப்போது அவசரப்பட்டு அதை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தாத்தா காலத்து வயரிங். மரப்பலகையில் இரும்பு மெயின் சுவிட்ச், பக்கத்தில் வரிசையாகப் பீங்கான் கட்டைகள். கூடத்துக்குரிய கட்டையை உருவினால் உள்ளே ஃபியூஸ் கம்பியே இல்லை. ஏதோ ஒரு ஒயரிலிருந்து பிரித்த செம்பு இழைகளை ஒன்றாக முறுக்கிப் போட்டிருந்தார்கள். திருகாணி கறுத்து, பீங்கானில் புகைக்கறை படிந்து, அதற்கு நேர் பின்னால் பலகையின் மரம் உள்ளங்கை அகலத்துக்குக் கரிந்திருந்தது. சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டிய ஒயரின் ரப்பர் உறை, விரல் பட்டதுமே பொடியாக உதிர்ந்தது.

5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர் கம்பி போதும். அந்தச் சரியான கம்பியே உருக வேண்டுமென்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம் ஓட வேண்டும். முறுக்கிப் போட்ட இழைகள் எங்கே உருகப்போகின்றன? அதற்கு முன்னால் ஒயர்தான் எரியும்.

கீழ்த்தளத்துக்கு முழுக்கப் புது ஒயர் இழுத்தோம். விளக்கு லைனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 6 ஆம்பியர் எம்சிபி. பவர் பிளக்குக்கு 2.5, 16 ஆம்பியர். ஏசிக்கு 4, 20 ஆம்பியர். மாடி பிற்பாடு கட்டியது, குழாய்க்குள் போன பிவிசி ஒயர். மெகர் (ஒயரில் கசிவு இருக்கிறதா என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்ததில் நன்றாக இருந்ததால் அப்படியே விட்டோம். கீழுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என இரண்டு ஆர்சிசிபி, இரண்டும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுபவை. மீட்டர் பக்கம் இருக்கும் கட்-அவுட்டும் (அங்குள்ள ஃபியூஸ்) சீலும் மின்வாரியத்துடையவை, அதில் நாம் கைவைக்கக் கூடாது. அலுவலகத்தில் சொல்லி, லைன்மேன் வந்து சப்ளையை நிறுத்திய பிறகுதான் வேலை தொடங்கியது.

எல்லாம் முடிந்து மெயினைப் போட்டாயிற்று. சாயங்காலம் மாடிப்படி விளக்கைப் போட்டதும் வீடே இருட்டு. மறுபடி தூக்கிவிட்டு அதே சுவிட்சைப் போட்டால் மறுபடியும் இருட்டு. எலக்ட்ரீஷியன் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், பழைய வீட்டுல இது நிக்காது. எடுத்துட்டு ஐசோலேட்டர் போட்டுடலாமா? தொந்தரவே இருக்காது."

ஐசோலேட்டர் என்றால் கசிவைக் கவனிக்காத வெறும் மெயின் சுவிட்ச்தான். வேண்டாம் தம்பி, காரணத்தைப் பார்த்துவிடலாம் என்றேன். அவரும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து தேடினார். அந்த விளக்குக்குப் பேஸ் (கரண்ட் வரும் ஒயர்) கீழிருந்து போகிறது, நியூட்ரலை (கரண்ட் திரும்பும் ஒயர்) எந்தக் காலத்திலோ மாடி லைனிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஃபியூஸ் கட்டைக்கு இதெல்லாம் தெரியாது. ஆர்சிசிபிக்கோ போன மின்சாரம் முழுதும் தன் வழியாகவே திரும்ப வேண்டும். 9 வாட் எல்ஈடி பல்பிலேயே சுமார் 40 மில்லி ஆம்பியர் ஓடும், ட்ரிப் ஆக அதுவே போதும். இது வெறும் தொந்தரவு இல்லை. மாடி மெயினை அணைத்துவிட்டு, கரண்ட் இல்லை என்று நம்பி நியூட்ரலைப் பிரித்திருந்தால், கீழிருந்து வரும் பேஸ் அந்த விளக்கு வழியாகவே கையில் வந்து நின்றிருக்கும்.

அடுத்தது சமையலறை. கிரைண்டரைப் போட்டால் ட்ரிப். விசாரித்தால் அம்மா சாதாரணமாகச் சொல்கிறார்: "அது ரொம்ப நாளா சுருக்சுருக்குனு இருக்கும்ப்பா. நான் செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் மாவாட்டுவேன்." கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பழைய பிளக் பாயிண்டில் எர்த் ஒயரே கிடையாது. மோட்டாரில் ஈரம் ஏறி கசிந்த மின்சாரம் போக வழியில்லாமல் பாடியிலேயே நின்றிருக்கிறது. புது பாயிண்டில் எர்த் கிடைத்ததும் கசிவு அதில் ஓடியது, ஆர்சிசிபி உடனே பிடித்துவிட்டது. ஈரத் தரையில் செருப்பில்லாமல் ஒரே ஒரு நாள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

எர்த் இருந்தால் எம்சிபியே பார்த்துக்கொள்ளாதா என்று தம்பி (என் உடன்பிறந்தவன்) கேட்டான். கணக்குப் போட்டுப் பாருங்கள். எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அதன் வழியாக 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அதைச் சாதாரண லோடு என்று நினைத்து சும்மா இருக்கும். பாடியில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். எம்சிபி காப்பது ஒயரை. ஆளைக் காப்பது ஆர்சிசிபி. செலவு குறைக்க வேண்டுமென்றால் பெட்டியின் அழகில் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள்.

உங்கள் வீடுகளில் என்ன நடந்தது என்றும் எழுதுங்கள்.

காரைக்குடியிலிருந்து:

எங்கள் வீட்டில் பேஸுக்கு ஒரு கட்டை, நியூட்ரலுக்கு ஒரு கட்டை என்று இரண்டு பக்கமும் ஃபியூஸ். நியூட்ரலில் ஃபியூஸ் இருக்கக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது; இது அதற்கும் முந்தைய வயரிங். டியூப் லைட் ஹோல்டர் மாற்ற வேண்டி சித்தப்பா கட்டையை உருவினார். அது நியூட்ரல் கட்டை. லைட் அணைந்துவிட்டது, கரண்ட் இல்லை என்று ஹோல்டரைப் பிடித்தவரை ஷாக் ஸ்டூலிலிருந்து தள்ளிவிட்டது. தோள் இறங்கியதோடு போனது குலதெய்வம் புண்ணியம். மறு வாரமே பலகை மொத்தமும் இறங்கியது. இன்னும் இப்படி இரட்டைக் கட்டை உள்ள வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. தயவுசெய்து டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள்.

சேலத்திலிருந்து:

எங்களுடையது அலுமினிய ஒயர். எம்சிபி மட்டும் புதிது, ஒயர் பழையது. கொஞ்ச நாளில் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. திறந்தால் ஒரு எம்சிபியின் திருகுப் பக்கம் உருகிப்போயிருந்தது, ஆனால் அது ட்ரிப் ஆகவே இல்லை. அலுமினியம் சூட்டில் விரிந்து சுருங்கித் திருகு தளர்ந்து, அந்த இடம் சூடேறியிருக்கிறது. லோடு அளவோடுதான் இருந்ததால் எம்சிபிக்குத் தெரிய வழியில்லை. பெட்டி மாற்றுகிறவர்கள் ஒயர் செம்பா அலுமினியமா என்று முதலில் பாருங்கள். அப்புறம் ஒரு கேள்வி: இன்வெர்ட்டர் வைத்ததிலிருந்து ஆர்சிசிபி ட்ரிப் ஆகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து (வயரிங் வேலை பார்ப்பவன்):

சேலம் அண்ணனுக்கு: இன்வெர்ட்டருக்குப் போகிற பேஸை ஆர்சிசிபிக்கு முன்னாலும், விளக்குகளின் நியூட்ரலை அதற்குப் பின்னாலும் எடுத்திருப்பார்கள். இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். அங்கே முதலில் பாருங்கள்.

பொதுவாகத் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்குங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டால் எந்த லைன் என்று பிடிபடும். எம்சிபி எல்லாம் இறங்கியிருந்தும் ஆர்சிசிபி நிற்கவில்லை என்றால் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஒற்றை எம்சிபி பேஸை மட்டும்தானே வெட்டும்! அப்போது மெயினை அணைத்து, நியூட்ரல் லிங்கில் இருக்கும் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எர்த்தோடு மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். இது தெரிந்த ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும், நீங்களாகச் செய்யாதீர்கள்.

இன்னொன்று. ஏசி போட்டால் எம்சிபி விழுகிறது, 32 ஆம்பியர் போட்டுக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். 2.5 ஒயருக்கு 32 போடுவதும் அந்தக் காலத்தில் செம்பு இழையை முறுக்கிப் போட்டதும் ஒன்றுதான். நான் போட மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். ஒயரை மாற்றச் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்.